ஆங்கிலத்துக்கும் ஒரு ‘நீ’ இருந்தது

பழைய ஆங்கிலச் சொற்களில் ‘தௌ’ (thou) அளவுக்குத் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல் வேறு இருக்காது. பைபிளில் வருகிறது, ஷேக்ஸ்பியரில் வருகிறது, சரித்திரப் படங்களில் கிரீடம் வைத்தவர்கள் பேசுகிறார்கள். அதனால் இது ஏதோ அரசவைச் சொல், கடவுளுக்கும் மன்னருக்கும் மட்டும் உரிய ‘தாங்கள்’ என்ற எண்ணம் படிந்துவிட்டது. ஆங்கிலேயர்களிலேயே பலருக்கு இந்த எண்ணம்தான்.

உண்மையில் அது வெறும் ‘நீ’. குழந்தையை, வேலைக்காரனை, உயிர்த்தோழனை, நாயைக் கூப்பிடும் ‘நீ’. மரியாதைச் சொல் எதுவென்றால், இன்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சொல்லும் ‘யூ’. ஆங்கிலத்தில் ‘நீங்கள்’ நிலைத்துவிட்டது, ‘நீ’ தொலைந்துவிட்டது. தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்க ஒரு வரி போதும். ‘நீ, நீங்கள்’ வேறுபாட்டை ஆங்கிலேயர் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது; நமக்கு அது வாயில் ஊறியது. ஆகவே இந்தச் சொல்லைக் கற்க நம் இலக்கணத்தையே கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வடிவங்கள். ‘தௌ’ என்றால் நீ, எழுவாயாக மட்டும். ‘தீ’ என்றால் உன்னை, உனக்கு, உன்னிடம், உன்னால் எல்லாம். செயப்படுபொருளாக வந்தாலும், ‘டு, ஃபார், வித், ஃப்ரம்’ போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின் வந்தாலும் இந்த வடிவம்தான். நமக்கு ஐந்தாறு வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை இந்த ஒரே சொல் செய்கிறது. ‘தை’ என்றால் உன். ‘தைன்’ என்றால் உன்னுடையது. ‘தைசெல்ஃப்’ என்றால் உன்னையே, நீயே.

இவற்றின் முதல் ஒலி ‘திஸ், தட்’ என்ற சொற்களின் தொடக்க ஒலி. நாக்கு நுனி மேல்பல்லை லேசாகத் தொட, குரல் அதிர வரவேண்டும். ‘தேங்க்ஸ்’ என்பதில் வரும் வெறுங்காற்று ஒலி அல்ல. இது முக்கியம், ஏனென்றால் காற்றொலியோடு சொன்னால் வேறொரு சொல்லாகிவிடும். இயந்திரப் பட்டறை ஆங்கிலத்தில் ‘தௌ’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். ஆயிரத்தில் ஒன்று என்ற பொருள்படும் ‘தவுஸண்த்’ என்பதன் சுருக்கம் அது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. உறவு ஏதும் இல்லை.

‘தை’, ‘தைன்’ இரண்டுக்கும் இடையே இன்னொரு சின்ன விதி உண்டு. பின்னால் வரும் சொல் உயிரொலியில் தொடங்கினால், ‘உன்’ என்ற பொருளிலேயே ‘தைன்’ வரும். உன் கண்கள் என்பது ‘தைன் ஐஸ்’. உன் பெயர் என்பது ‘தை நேம்’. ‘ஹ’ ஒலியில் தொடங்கும் சொற்களுக்கு முன்னும் பழைய நூல்களில் பெரும்பாலும் ‘தைன்’தான். ‘மை’, ‘மைன்’ இரண்டும் அக்காலத்தில் இதே போலத்தான் நடந்தன. இன்றைய ‘அ, ஆன்’ விதியின் தம்பி என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

பன்மைக்குத் தனி வரிசை இருந்தது. ‘யீ’ என்றால் நீங்கள். ‘யூ’ என்றால் உங்களை, உங்களுக்கு. ஆம், இன்றைய ‘யூ’ ஆதியில் எழுவாயே அல்ல. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யோவான் 8:32ஐ எடுத்துப் பாருங்கள். ‘சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்’ என்ற வசனம். அறிகிறவர்களாக வரும் முதல் இடத்தில் ‘யீ’, விடுதலையாக்கப்படுகிறவர்களாக வரும் இரண்டாம் இடத்தில் ‘யூ’. அந்தப் பைபிள் இந்த விதியைப் பெரும்பாலும் வழுவாமல் காக்கிறது. அதே காலத்து ஷேக்ஸ்பியரிலோ இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன; பேச்சில் ‘யீ’ அப்போதே தேயத் தொடங்கிவிட்டது.

(‘யீ ஓல்ட்’ என்று தொடங்கும் கடைப் பலகைகளில் இருப்பது இந்த ‘யீ’ அல்ல. ‘தி’ என்ற சொல்லின் முதல் ஒலிக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘தோர்ன்’ என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ‘ஒய்’ போல ஆகிவிட்டது, அச்சுக்காரர்களிடம் அந்த எழுத்து இல்லாததால் ‘ஒய்’யையே வைத்தார்கள். ஆகவே பலகையில் இருப்பது ‘தி ஓல்ட்’. படிக்க வேண்டியதும் அப்படித்தான்.)

இனி வினைச்சொல். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். ‘நீ வருகிறாய்’ என்பதில் ‘ஆய்’ விகுதி முன்னிலை ஒருமையைக் காட்டுகிறதல்லவா, அதே வேலையை ‘தௌ’வுக்கு ‘எஸ்ட்’ விகுதி செய்கிறது. ‘தௌ நோயெஸ்ட்’ என்றால் நீ அறிகிறாய். ‘தௌ கோயெஸ்ட்’ என்றால் நீ போகிறாய். ‘எத்’ விகுதி படர்க்கைக்கு உரியது, நம் ‘ஆன், ஆள், அது’ போல. ‘ஹீ கோயெத்’ என்றால் அவன் போகிறான். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் பழங்கால ஆங்கிலத்தை நகலெடுக்க முயல்கிறவர்கள் அதிகம் செய்யும் பிழை. ‘தௌ கோயெத்’ என்று எழுதுவது ‘நீ போகிறான்’ என்று எழுதுவதற்குச் சமம். ‘ஐ ஹேத்’ என்பது ‘நான் வைத்திருக்கிறான்’. விளம்பரங்களிலும் கேலிப் படங்களிலும் எல்லா வினையோடும் ‘எத்’தை ஒட்டிவிடுவார்கள், தமிழ்க் காதுக்குக் கேட்கிற மாதிரி மொழிபெயர்த்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

அடிக்கடி வரும் வினைகளுக்குச் சுருங்கிய வடிவங்கள் உண்டு. ‘ஆர்ட்’ (இருக்கிறாய்), ‘ஹேஸ்ட்’ (வைத்திருக்கிறாய்), ‘டஸ்ட்’ (செய்கிறாய்), ‘ஷேல்ட்’, ‘வில்ட்’, ‘கேன்ஸ்ட்’. இவற்றில் ‘டஸ்ட்’டை எழுத்தைப் பார்த்து ‘டோஸ்ட்’ என்று படிக்கக் கூடாது. தூசியைக் குறிக்கும் சொல்லின் உச்சரிப்புத்தான். அதன் படர்க்கை வடிவமும் ‘டத்’ என்றே ஒலிக்கும். இறந்த காலத்தில் ‘டிட்ஸ்ட்’, ‘ஹேட்ஸ்ட்’, ‘வாஸ்ட்’ அல்லது ‘வெர்ட்’. ‘எட்’ சேரும் சாதாரண வினைகளுக்கு அதன்மேல் இன்னொரு ‘ஸ்ட்’ ஏறும்: ‘லவ்ட்ஸ்ட்’. நாக்கைப் பிசையும் வடிவம். கவிஞர்களே முடிந்தவரை ‘டிட்ஸ்ட் லவ்’ என்று பிரித்துப் போட்டுத் தப்பித்தார்கள். ‘மஸ்ட்’ மட்டும் மாறுவதில்லை. ஏற்கெனவே ‘ஸ்ட்’டில்தான் முடிகிறது.

இரண்டு இடங்களில் விகுதி வராது. ஒன்று ஏவல். ‘போ’ என்பதற்கு ‘கோ’ அல்லது ‘கோ தௌ’ போதும். ‘கோயெஸ்ட் தௌ’ என்றால் அது ‘போகிறாயா’ என்று கேள்வியாகிவிடும். இன்னொன்று, ‘இஃப்’ போன்ற சொற்களுக்குப் பின் வரும் ஐயவினை. மத்தேயு 4:3இல் சாத்தான் இயேசுவிடம் ‘இஃப் தௌ பீ’ என்று தொடங்குகிறான், ‘ஆர்ட்’ இல்லை. நம் பழைய தமிழ் பைபிளில் அந்த இடம் ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்’ என்று இருக்கிறது. சோதனைக்காரனைக்கூட மரியாதையாகப் பேச வைத்துவிட்டார்கள்.

இந்தச் சொல்லின் வேர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சமஸ்கிருத ‘த்வம்’, இந்தி ‘தூ’, லத்தீன் ‘து’, பிரெஞ்சு ‘த்யூ’, ஜெர்மன் ‘டூ’ எல்லாம் ‘தௌ’வின் ஒரே குடும்பம். இந்தியில் ‘தூ’ சொன்னால் கிடைக்கும் எதிர்வினையை அறிந்தவர்களுக்கு, ‘தௌ’ எந்த இடத்தில் அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மரியாதைக் கணக்கே இல்லை. ஒருவர் என்றால் ‘தௌ’, பலர் என்றால் ‘யீ’. அரசனும் ‘தௌ’, அடிமையும் ‘தௌ’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, மேல்மட்டத்தில் பிரெஞ்சு பரவியது. பிரெஞ்சில் பெரியவர் ஒருவரைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலத்துக்கும் தொற்றியது. ஒருமைக்குப் பன்மையைப் போட்டு உயர்த்துவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’யைப் பற்றி ஒரு நூற்பா இருக்கிறது: வழக்கில் அது உயர்சொல், ஆனால் இலக்கணப்படி அது முறையல்ல என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டுப் போகிறார். ஒருமையும் பன்மையும் மரியாதைக்காக இடம் மாறும்போது இலக்கணம் முகம் சுளிக்கும், ஊர் தன் வழியில் போகும். இதே சண்டை இங்கிலாந்தில் இரத்தக் காயத்தோடு நடந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஷேக்ஸ்பியர் எழுதிய 1590, 1600களில் இந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. எஜமான் வேலைக்காரனை ‘தௌ’, வேலைக்காரன் எஜமானை ‘யூ’. பெற்றோர் பிள்ளையை எப்படியும் சொல்லலாம், பிள்ளை பெற்றோரை ‘யூ’. மேட்டுக்குடியினர் தங்களுக்குள் ‘யூ’. சாதாரண மக்கள் தங்களுக்குள் ‘தௌ’. காதலர் தனிமையில் ‘தௌ’. கடவுள், ஆவி, விலங்கு, பிணம், உயிரில்லாப் பொருள் எல்லாவற்றுக்கும் ‘தௌ’. மக்பெத் காற்றில் தொங்கும் குத்துவாளோடு பேசுவதும் ‘தீ’ என்றுதான். இது அடித்தளம். ஆனால் அடித்தளம் தெரிந்தால் போதாது. அதிலிருந்து ஒருவர் விலகும் நொடிதான் முக்கியம்.

லியர் மன்னன் நாட்டைப் பங்கிடும் முதல் காட்சியைப் பாருங்கள். மூத்த மகள்கள் இருவருக்கும் பங்கு தரும்போது ‘தீ’ என்கிறான். கடைக்குட்டி கார்டீலியாவிடம் கேட்கும்போது மட்டும் ‘யூ’. செல்ல மகளுக்குத் தரும் தனி மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் ‘ஒன்றுமில்லை’ என்று பதில் சொன்னபிறகும் சற்று நேரம் ‘யூ’ நீடிக்கிறது. பேச்சைத் திருத்திக்கொள் என்று எச்சரிப்பதுகூட ‘யூ’வில்தான். அப்புறம் ‘உன் மனசும் இதோடுதான் இருக்கிறதா’ என்று கேட்கும் வரியில் ‘தை’ நுழைகிறது, அங்கிருந்து சாபம்தான். சில நிமிடங்களில் இன்னொரு வெடி: பிரபு கென்ட், எல்லார் முன்னிலையிலும், மன்னனைப் பார்த்து ‘கிழவா, நீ என்ன செய்யப்போகிறாய்’ என்று ‘தௌ’ போட்டுப் பேசுகிறான். குடிமகன் மன்னனை ஏகவசனத்தில் பேசுவது அக்கால மேடையில் செருப்பைக் கழற்றுவதற்கு ஈடு. இன்றைய ஆங்கிலப் பார்வையாளருக்கு ‘கிழவா’ மட்டும் கேட்கும், ‘நீ’ கேட்காது.

ஹாம்லெட்டில், தாயின் அறையில் நடக்கும் காட்சியில், நான்கே வரிகளில் மொத்த உறவும் முறிகிறது. தாய் தொடங்குகிறாள்: ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய். ‘தௌ’, ‘தை’. மகன் திருப்புகிறான்: அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள். ‘யூ’. மகன் தாயை ‘யூ’ சொல்வது வழக்கம்தானே என்று தோன்றும். அவன் அவளுடைய வாக்கியத்தையே எடுத்து, சொல் மாற்றி வீசுவதால் அது சுடுகிறது. அடுத்த வரியில் தாயும் ‘யூ’வுக்கு ஏறிவிடுகிறாள். கோபத்தில் மரியாதை கூடுவது நம் வீடுகளிலும் நடப்பதுதான். ‘வாடா’ என்று கூப்பிடும் அம்மா ‘வாங்க சார், இப்பதான் வழி தெரிஞ்சுதா’ என்றால், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஜூலியட் விருந்தில் ரோமியோவை முதன்முதலில் சந்தித்துப் பேசும்போது ‘யூ’. அதே இரவில் மாடத்தில் தனியாக நின்று பேசும்போது ‘தௌ’. ஆள் கீழே நிற்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே அந்த ‘நீ’ நாகரிகத்துக்காகச் சொன்னதல்ல. புகழ்பெற்ற ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ அங்கேதான் வருகிறது. ‘எங்கே இருக்கிறாய்’ என்று பொருள் கொள்வது தவறு. ‘வேர்ஃபோர்’ என்றால் ‘ஏன்’. நீ ஏன் ரோமியோவாக, எதிரிக் குடும்பத்துப் பெயரோடு இருக்கிறாய் என்பதே கேள்வி.

‘தௌ’ வினைச்சொல்லாகவும் வரும். ஒருவரை ‘தௌ’ செய்வது என்றால் ஏகவசனத்தில் பேசுவது, ‘நீ, வா, போ’ என்பது. ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் சர் டோபி, சண்டைக்கு அழைக்கும் கடிதம் எழுதச் சொல்லித் தரும்போது, எதிரியை மூன்று முறை ‘தௌ’ போட்டால் தப்பில்லை என்று யோசனை சொல்கிறான். நாடகத்துக்கு வெளியே இதைவிடக் கொடூரமான சான்று இருக்கிறது. 1603 நவம்பரில் வின்செஸ்டரில் சர் வால்ட்டர் ராலி மீது ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலியைத் துரோகி என்று திட்டும்போது, ‘உன்னை நான் தௌ என்றே சொல்வேன்’ என்று வெளிப்படையாகவே அறிவித்தார். சர் பட்டம் பெற்ற ஒருவரை நீதிமன்றத்தில் ‘நீ’ என்பது தண்டனையின் முதல் தவணை.

இவ்வளவையும் படித்துவிட்டு கிங் ஜேம்ஸ் பைபிளுக்குப் போனால் குழம்பும். அங்கே மரியாதைக் கணக்கே கிடையாது. எபிரேயத்திலும் கிரேக்க மூலத்திலும் முன்னிலை ஒருமையா பன்மையா என்பது தெளிவாக இருக்கும். மரியாதைப் பன்மை இல்லை. மூலத்தில் ஒருமையானால் ‘தௌ’, பன்மையானால் ‘யீ, யூ’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1526இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வில்லியம் டிண்டேலிடமிருந்து வந்த வழி அது. ஆகவே கடவுளும் ‘தௌ’, திருடனும் ‘தௌ’, பார்வோனும் ‘தௌ’. அப்போஸ்தலர் 26இல் அகிரிப்பா ராஜாவும் கைதியாக நிற்கும் பவுலும் ஒருவரையொருவர் ‘தௌ’ என்றே பேசுகிறார்கள். தமிழில் ராஜா பவுலை ‘நீ என்னைச் சம்மதிக்கப்பண்ணுகிறாய்’ என்கிறான், பவுல் ராஜாவை ‘விசுவாசிக்கிறீரா’ என்கிறார். மூலத்தில் இல்லாத படிநிலையைத் தமிழ் சேர்த்துவிட்டது. தவறு என்று சொல்ல முடியாது. கைதி ராஜாவை ‘நீ’ என்றால் தமிழ் வாசகர் அதில் மூலத்தில் இல்லாத திமிரைப் படித்திருப்பார்.

எண் வேறுபாட்டைக் காத்ததால் கிடைக்கும் பலன் கண்கூடு. லூக்கா 22:31, 32இல் இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்கிறார்: சாத்தான் உங்களைப் புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ உனக்காக வேண்டிக்கொண்டேன். ‘உங்களை’ என்றது எல்லாச் சீடர்களையும், ‘உனக்காக’ என்றது பேதுருவை மட்டும். கிங் ஜேம்ஸில் ‘யூ’, ‘தீ’ என்று அப்படியே பிரிந்து வருகிறது. ‘தௌ’வைக் கைவிட்ட இன்றைய ஆங்கிலப் பைபிள்களில் இரண்டும் ‘யூ’. அடிக்குறிப்பில் பன்மை என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அல்லது ‘உங்கள் எல்லாரையும்’ என்று விரித்தெழுத வேண்டியிருக்கிறது. யோவான் 3:7உம் அப்படித்தான்: நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று நான் உனக்குச் சொன்னது. பேசப்படுவது நிக்கொதேமுவிடம், விதி எல்லாருக்கும். ஆங்கிலத்தில் வேதபாடம் நடத்தும் தமிழர்கள் இந்த மாதிரி இடங்களில் தமிழ் வசனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒருமை, பன்மைச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கடவுளை விளிப்பதில் தமிழ்க் கிறிஸ்தவமும் ஆங்கிலக் கிறிஸ்தவமும் எதிரெதிர்த் திசையில் போயின. ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்ற ஜெபத்தில் ஆங்கிலம் சொல்வது ‘உன் நாமம்’. 23ஆம் சங்கீதத்தில் ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்பது ஆங்கிலத்தில் ‘தௌ ஆர்ட் வித் மீ’, நீ என்னோடு இருக்கிறாய். நம் சைவ, வைணவப் பாடல்களின் விளி இதற்கு நெருக்கம். மாணிக்கவாசகர் ‘தந்தது உன் தன்னை, கொண்டது என் தன்னை’ என்று ஈசனிடம் கணக்குக் கேட்கும்போது அது ஏகவசனம்தான். ஜி. யு. போப் திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ‘தௌ, தீ’ என்று போட்டார். பழைய பொருளில் எடுத்தால் அச்சுப் பிசகாத பொருத்தம்.

இப்போது அந்த இரத்தக் காயத்துக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தலைமையில் எழுந்த குவேக்கர்கள், கடவுள் முன் எல்லாரும் சமம் என்றால் ஒருவருக்கு ‘தௌ’வும் இன்னொருவருக்கு ‘யூ’வும் எதற்கு என்று கேட்டார்கள். யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம், நீதிபதியானாலும் ‘தௌ’தான் என்றார்கள். அடியும் சிறையும் கிடைத்தன. அவர்களுடைய வாதத்தில் பாதி சமயம், பாதி இலக்கணம்: ஒருவரைப் பன்மையில் சொல்வது பொய். 1660இல் ஃபாக்ஸும் கூட்டாளிகளும், எந்தெந்த மொழியில் ஒருமை, பன்மை எப்படி இருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்ட ஒரு தடித்த நூலே வெளியிட்டார்கள். பின்னாளில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் குவேக்கர்கள் பேச்சில் ‘தௌ’ மறைந்து ‘தீ’யே எழுவாயாகி, வினை படர்க்கை வடிவத்தில் நின்றது: ‘தீ இஸ்’, ‘தீ ஹேஸ்’. தமிழில் சொன்னால் ‘உன்னை இருக்கிறான்’. இலக்கணத்துக்காகச் சிறை போனவர்களின் பேரப்பிள்ளைகள் பேசியது இது.

‘தௌ’ ஏன் செத்தது? ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் நகரத்தில் அறிமுகமில்லாதவரிடம் பேசும்போது ‘யூ’ பாதுகாப்பு, ‘தௌ’ ஆபத்து. யாருக்கு எது என்று தயங்குகிறவர் மேலே ஏற்றித்தான் சொல்வார். 1700 வாக்கில் லண்டனின் நாகரிகப் பேச்சில் அது இல்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் ‘யூ’ ஒன்றே என்றானதும் 18ஆம் நூற்றாண்டில் பலர் ஒருவரிடம் பேசும்போது ‘யூ வாஸ்’, பலரிடம் ‘யூ வேர்’ என்று பிரிக்கப் பார்த்தார்கள். நல்ல ஏற்பாடு. 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் அதைப் பெரும்பிழை என்று கண்டித்தார், படித்தவர்கள் கைவிட்டார்கள். அமெரிக்கத் தெற்கில் ‘யால்’, அயர்லாந்தில் ‘யூஸ்’ என்று பன்மை பிறகு புதிதாக முளைத்தது இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் ‘தா’ என்ற உருவில் அது பிழைத்துக் கிடக்கிறது. முதியவர்களிடமும் நெருங்கிய நண்பர்களிடையிலும் கேட்கலாம். பெரியவர்களை ‘தா’ போட்டுப் பேசும் சிறுவர்களைக் கண்டிக்க அங்கே ஒரு வழக்கு உண்டு: என்னை ‘தா’ போடாதே, உன்னையே போட்டுப் பார், எப்படி இருக்கிறதென்று தெரியும். நம் ஊர்த் திண்ணையில் கேட்டது போலவே இருக்கிறது.

தேவாலயத்தில் மட்டும் தங்கியதால் பொருள் புரண்டது. 1952இல் முழுமையாக வந்த ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் வெர்ஷன் பைபிள் மனிதர்களுக்கெல்லாம் ‘யூ’ போட்டுவிட்டு, கடவுளை விளிக்கும் இடங்களில் மட்டும் ‘தௌ’வை வைத்துக்கொண்டது. கடவுளுக்கு மட்டும் உரிய சொல் என்றால் அது உயர்ந்த சொல்லாகத்தானே இருக்க வேண்டும்! 1989இல் வந்த புதிய திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. ஆனால் எண்ணம் போகவில்லை.

தமிழில் மொழிபெயர்க்க எடுப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நாடகப் பிரதியில் வேலையைத் தொடங்குமுன் ‘தௌ’ வரிசைச் சொற்களை ஒரு நிறத்திலும் ‘யூ’ வரிசையை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். ‘யூ’ பலரை நோக்கியதாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் சேதி இல்லை. பிறகு ஒவ்வொரு இணைக்கும் வழக்கமான சொல் எது என்று பார்த்து, விலகும் வரிகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள் என்று இயந்திரம் போல மாற்றினால் கெட்டுவிடும். மேட்டுக்குடிக் கணவனும் மனைவியும் அங்கே ‘யூ’. தமிழில் கணவன் மனைவியை ‘நீங்கள்’ என்றால் கேலி போலக் கேட்கும். அங்கே இருவருக்கும் ‘நீ’யை அடித்தளமாக்கி, விலகும் இடத்தை வேறு வழியில் காட்ட வேண்டும். நம்மிடம் ‘நீர்’ என்ற நடுப்படி வேறு இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் சமவயதுக்காரர்களிடையே இன்றும் உயிரோடு இருப்பது. இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் பேசும் ‘யூ’வுக்கு ‘நீங்கள்’ விறைப்பாகத் தோன்றினால் ‘நீர்’ சரியாக உட்காரும். ஆள் பெயரை விட்டுப் பட்டப்பெயருக்குப் போவது, ‘டா’வைச் சேர்ப்பது, விளியை முழுதாக விடுவது எல்லாம் கைவசம் உள்ள கருவிகள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்களுக்கு எதிர்ச் சிக்கல். போப் காலத்தில் ‘நீ’க்கு ‘தௌ’ போட முடிந்தது. இன்று போட்டால் அது ஜெப வாசனை அடிக்கும், அல்லது கேலியாகும். பேருந்தில் நடக்கும் சண்டையில் ‘என்னங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவர் ‘யார்யா நீ’ என்று இறங்கும் நொடிக்கு இன்றைய ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் கிடையாது. அந்த வரிக்கு முந்தைய பேச்சுகளில் ‘சார்’ என்று இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, சண்டை முற்றும் வரியில் அதை எடுத்துவிடுங்கள். வாக்கியத்தையும் குறுக்குங்கள். ‘யூ’ எல்லா வரியிலும் இருக்கட்டும்.